கேத்தி மண்ணில் நான்கு ஆண்டுகள்: மெட்டல் டிடெக்டரும் பட்டாளத்துப் பொத்தானும்

நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட்டும் பூண்டும் விளையும் எங்கள் சொந்த நிலத்தில், நடுத்தர விலையுள்ள மெட்டல் டிடெக்டர் ஒன்றை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையே கிடைக்கும் சில நாட்களே இதற்கு வாய்க்கின்றன.

முதல் ஆண்டில் எரிச்சல்தான் மிஞ்சியது. இரும்பு மிகுந்த இந்தச் செம்மண்ணில் மண்ணின் கனிமங்கள் எழுப்பும் ஓசையைத் தணிக்கும் கிரவுண்ட் பேலன்ஸை வாங்கியபோது இருந்தபடியே விட்டிருந்ததால், கருவி வெறும் மண்ணுக்கும் விடாமல் கத்தியது. கருவியின் அடிமுனையில் உள்ள காயிலைத் தரைக்கு மேல் ஏற்றி இறக்கி மண்ணுக்கேற்பச் சரிசெய்த பிறகே ஓசைகள் தெளிந்தன. பித்தளை என்று சொல்லும் கருவி, அது பட்டாளத்துப் பித்தளையா, பழைய குழாய்த் துண்டா என்று சொல்லாது. அது பத்து மடங்கு லென்ஸின் வேலை.

அன்று ஜக்கதளா எனப்பட்ட வெலிங்டனில் 1850களிலேயே படைவீடு அமைந்ததால், இப்பக்கம் பட்டாளத்துப் பொருள்கள் கிடைப்பதில் வியப்பில்லை. எனக்கு முதலில் கிடைத்தது த்ரீ நாட் த்ரீ துப்பாக்கித் தோட்டாவின் வெற்றுக்கூடு. அதன் அடியில் பொறித்திருந்த கே, எஃப் எழுத்துகள் புனே அருகிலுள்ள கிர்க்கி தோட்டாத் தொழிற்சாலையையும், 42 என்பது 1942ஐயும், ரோமன் ஏழு 1910இல் வந்த ஏழாம் வகைத் தோட்டாவையும் குறிப்பவை.

பொத்தான்கள் அவ்வளவு எளிதில் பிடிகொடுப்பதில்லை. பிரிட்டிஷ் சிப்பாய்களின் பொத்தானில் 1871க்குப் பிறகு படைப்பிரிவின் எண் போய், எல்லோருக்கும் பொதுவான அரச முத்திரை வந்துவிட்டது. கிரீடத்தின் வளைவுகள் உச்சியில் குழிந்திருந்தால் விக்டோரியா காலம். மேடாக உருண்டிருந்தால் 1901க்குப் பிந்தையது. மற்றவற்றைப் பின்பக்கத்தில் உள்ள செய்தவர் பெயரையும் ஊரையும் கொண்டே ஊகிக்க வேண்டும். அதை அறியாமல், முதலில் கிடைத்த பொத்தானைக் குத்துவிளக்கு துலக்குவதுபோல் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். விளக்குகூட இப்படி மின்னியதில்லை என்றார் அம்மா. பின்பக்கத்து ஊர்ப்பெயரில் ‘பர்மி’ மட்டும் மிஞ்சியது. இப்போது காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் மண்ணை நெம்பி எடுப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு, முனையில் குண்டு கழலாத தோட்டா ஒன்று மண்ணில் தலைகாட்டியது. அதைத் தொடாமல், சற்றுத் தள்ளிக் கல் அடுக்கி அடையாளம் வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொன்னேன். கன்டோன்மென்ட் நிலத்திலும் காட்டிலும் நான் கருவியை எடுப்பதே இல்லை. சொந்த நிலமானாலும், மண்ணில் மறைந்து கிடந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்.

கருவியில் இன்னும் தீராத குறை ஒன்றுதான்: மூடுபனி நாட்களில் ஹெட்போன் சொருகும் துளையில் ஈரம் இறங்கி, ஒலி விட்டுவிட்டு வருகிறது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டி மாட்டியிருக்கிறேன்.