பனியில் வாழும் இரண்டு பாசிகள்: எது தேறும்?

அக்கா மகளுக்குப் பள்ளி அறிவியல் கண்காட்சி. "மாமா, குளிரில் வாழும் நுண்ணுயிர் ஒன்று சொல்லுங்கள்" என்றாள். நுவரெலியாக்காரிக்குக் குளிரைப் பற்றி நான் என்ன சொல்வது! ஜனவரியில் உறைபனி விழுந்தால் தேயிலைக் கொழுந்து கருகிப்போவதைப் பார்த்து வளர்ந்தவள்.

என் மனதில் இரண்டு இருந்தன. ஒன்று, பனியைச் சிவப்பாக்கும் கிளமிடோமோனாஸ் நிவாலிஸ். துருவத்தில் மட்டுமல்ல, ஆல்ப்ஸ் மலையிலும் உண்டு. அஸ்டாசாந்தின் என்ற நிறமியால் கடும் வெயிலைத் தாங்குகிறது. அவித்த இறாலின் சிவப்பும் அதே நிறமிதான். ஆனால் சிவந்த பனி வெயிலை அதிகம் உறிஞ்சிச் சீக்கிரம் உருகிவிடும்.

மற்றது ஃபிரகிலாரியோப்சிஸ் சிலிண்ட்ரஸ் என்ற டயட்டம், அதாவது கண்ணாடி போன்ற ஓடுள்ள ஒரு செல் பாசி. உடலைச் சுற்றி டப்பாவும் மூடியும் போல இரண்டு சிலிக்கா ஓடுகள். கடல்நீர் ஏறக்குறைய -1.8 பாகையில் உறையும்போது உப்பு ஒதுங்கி, பனிக்குள் உறையாத உவர்நீர் வாய்க்கால்கள் உண்டாகும். அங்கேதான் இதன் குடித்தனம். இது சுரக்கும் புரதம் பனிப் படிகத்தில் ஒட்டி, அது பெரிதாகாமல் தடுக்கிறது. கொழுந்துக்கு இல்லாத வசதி இதுதான். இதன் மரபணுத்தொகுதி 2017இல் வெளியானது.

எனக்கு டயட்டம்தான் பிடித்திருக்கிறது. கண்காட்சிக்கு வருபவர்களை நிறுத்துவதென்றால், சரி, சிவப்புப் பனிதான். அவளோ இரண்டையும் விட்டுவிட்டு, "இறாலுக்கு அந்த நிறமி எப்படி வந்தது?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.