தேய்க்கக்கூடாத ஓவனோடு ஆறு வருஷம்

நியூ ஜெர்சியில் நாங்கள் வாடகைக்கு வந்த வீட்டில், கேஸ் அடுப்போடு சேர்ந்த பழைய ஓவன் ஒன்று இருந்தது. கதவைத் திறந்தவுடன் முகம் சுளித்தேன். உள்ளே கருஞ்சாம்பல் நிறம், அதன்மேல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொர. முன்னால் இருந்தவர்கள் துடைக்கவே மாட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கார அம்மா சிரித்துக்கொண்டே முகப்பில் பாதி அழிந்திருந்த 'கண்டினியூயஸ் கிளீனிங்' (சமைக்கச் சமைக்கத் தானே சுத்தமாவது) என்ற எழுத்தைக் காட்டினார். அழுக்கு இல்லையாம், நிறமே அதுதானாம். 1970, 80களில் அமெரிக்கச் சமையலறைகளில் இந்த வகை நிறையப் புழங்கியது.

பட்டனை அழுத்திப் பூட்டினால் 900 டிகிரி ஃபாரன்ஹீட் பக்கம் போய் எல்லாவற்றையும் சாம்பலாக்குமே, அந்த 'செல்ஃப் கிளீனிங்' வேறு ஜாதி. இதில் பட்டனே கிடையாது. சாதாரண ஓவனின் உட்சுவரில் இருக்கும் எனாமல் பூச்சு வழவழப்பாக இருக்கும். எண்ணெய் தெறித்தால் துளியாகவே நின்று கருகும். இதன் எனாமலில் நுண்ணிய துளைகள் உண்டு. மாங்கனீசு, கோபால்ட் போன்ற உலோகங்களின் ஆக்சைடும் கலந்திருக்கும். தெறித்த கொழுப்பு அதில் மெல்லிசாகப் பரவி, அடுத்தடுத்துச் சமைக்கிற சூட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து போகும்.

நடக்கிறதா என்றால், நடக்கிறது. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை 425 டிகிரியில் சிக்கன் வேகும். அன்றைக்குச் சுவரெல்லாம் கரும்புள்ளி. அந்த வாரத்தில் இன்னும் மூன்று நாலு தடவை ஓவனைப் போட்டால் புள்ளிகள் மங்கிவிடும். பளிச்சென்று ஆகாது. விருந்தாளி முன்னால் கதவைத் திறக்கலாம், அவ்வளவுதான். பெயரைப் பார்த்து அதற்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

ஆனால் இதன் வித்தையெல்லாம் கொழுப்போடு சரி. சர்க்கரைப் பாகு, சீஸ், பால் எல்லாம் துளைகளை அடைத்துக்கொண்டு அங்கேயே கெட்டிப்படும். ஒரு தடவை அன்னாசி கேக்கின் பாகு ஓரமாக ஒழுகியதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அந்தப் பழுப்புக் கறை இன்றைக்கும் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு இருக்கிறது.

அதைவிடப் பெரிய கதை இட்லி மாவு. குளிர்காலத்தில் மாவு புளிக்க ஓவன் லைட்டைப் போட்டு உள்ளே வைப்பது இங்கே எல்லார் வீட்டிலும் வழக்கம். அம்மா வந்திருந்த சமயம், ராத்திரி மாவு பொங்கி, பக்கவாட்டுச் சுவரில் வழிந்து காய்ந்து கிடந்தது. நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள், "என்னடி இது, ஓவனை இப்படிக் கரி பிடிக்க விட்டிருக்கே?" என்று அம்மா கம்பி நாரை எடுத்துத் தேய்த்தே விட்டார். மாவு போய்விட்டது. கூடவே பூச்சும் போனது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வழவழப்பான இடம். சுற்றியிருந்த துளைகளில் இரும்புத்தூள்.

வேடிக்கை என்னவென்றால், பூச்சு என்ன வேலை செய்கிறது என்று எனக்குச் சந்தேகமில்லாமல் காட்டியதே அந்த இடம்தான். சுற்றிலும் எண்ணெய்ப்புள்ளிகள் மங்கிப் போகும்போது, அங்கே மட்டும் துளித்துளியாகக் கருகி ஒட்டிக்கொண்டே இருக்கும்.

இப்போது நான் செய்வது கொஞ்சம்தான். வழிந்தால், ஓவன் ஆறியவுடன் ஈரத்துணி. காய்ந்துவிட்டால் வெந்நீரில் ஊறவிட்டு பிளாஸ்டிக் பிரஷ். பேப்பர் டவல் வேண்டாம், சொரசொரப்பில் பிய்ந்து பஞ்சு பஞ்சாக ஒட்டும், அதைப் பொறுக்குவது தனி வேலை. கடையில் விற்கும் ஓவன் ஸ்ப்ரே பக்கமே போகாதீர்கள். பலவற்றில் காஸ்டிக் சோடா இருக்கிறது, பூச்சைத் தின்றுவிடும். ரேக்குகளுக்கும் கதவுக் கண்ணாடிக்கும் இந்தப் பூச்சு கிடையாது. ரேக்குகளைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் தேய்க்க வேண்டியதுதான், அதில் எந்தச் சலுகையும் இல்லை.

அடித்தட்டில் அலுமினியம் ஃபாயில் விரிப்பதும் தப்பு. கேஸ் ஓவனில் காற்று போகிற வழியை அது அடைத்துவிடும். கீழ் ரேக்கில் ஒரு தட்டு வைத்தால் போதும். மாவுப் பாத்திரமும் இப்போது தட்டின்மேல்தான் உட்காருகிறது.

கறை அதிகமாகத் தெரிந்தால், காலி ஓவனை 400 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓடவிடுவேன். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான், இல்லையென்றால் ஸ்மோக் அலாரம் அலறும். ஜூலை மாதத்தில் இந்த யோசனையே வேண்டாம்.

ஐரோப்பிய மாடல்களில் இதே பூச்சு கழற்றி மாட்டும் தகடுகளாக வருகிறது. தேய்ந்தால் தகட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். என்னுடையதில் சுவரே பூச்சு, போனது போனதுதான். வறுவல், ரோஸ்ட் என்று எண்ணெய்ச் சமையல் அதிகம் உள்ள வீட்டுக்கு இது தோது. கேக், சீஸ் என்று இருப்பவர்கள் வழவழப்பான ஓவனே வாங்கலாம், துடைக்கவாவது முடியும்.

அம்மா இன்னமும் வீடியோ காலில் கேட்கிறார்: "அந்த இடம் ஆறிடுச்சாடி?"