ஆறு மாதத்தில் பேச வைப்பதாக முன்பணம் கேட்கிறார்களா? கொடுத்துவிடாதீர்கள்

என் மகனுக்கு நான்கு வயது, ஆட்டிசம், பேச்சு வரவில்லை. ஏபிஏ (சரியாகச் செய்ததற்கு உடனே பரிசு கொடுத்து, சிறு சிறு படியாகப் பழக்கும் பயிற்சி) முறையில் ஆறே மாதத்தில் பேச வைத்துவிடுவோம் என்று உறுதி சொன்ன ஒரு தெரபி சென்டர் எங்களிடம் 90,000 ரூபாயை மொத்தமாக வாங்கிக்கொண்டது. பெற்றோர் உள்ளே வரக்கூடாது, பிள்ளையின் கவனம் சிதறும் என்றார்கள்.

கொஞ்ச நாளில் ஒரு வீடியோ வந்தது. படத்தைக் காட்டினால் "ஆப்பிள்" என்கிறான், உடனே வாயில் ஒரு சிப்ஸ். பார்த்து எல்லோரும் அழுதுவிட்டோம். ஆனால் வீட்டில் ஆப்பிள் வேண்டுமென்றால் பழையபடி என் கையைப் பிடித்து ஃப்ரிட்ஜுக்குத்தான் இழுத்தான். அப்புறம் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாலே அலற ஆரம்பித்தான். விடாமல் கேட்டதில் அங்கே வேலை செய்யும் ஒரு பெண் சொன்னார்: "தண்ணி" என்று சொல்லும்வரை தண்ணீர் தருவதில்லையாம். நான்கு வயதுப் பிள்ளைக்கு! அந்தப் பெண் படித்தது பி.காம்.

முறையின் மீது எனக்குக் கோபமில்லை. வேண்டியதைக் கேட்பது, பார்த்ததற்குப் பெயர் சொல்வது, சொன்னதைத் திருப்பிச் சொல்வது மூன்றும் வேறுவேறு என்று, இந்த முறைக்கு அடித்தளமிட்ட அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1957இலேயே எழுதிவிட்டார். நல்ல தெரபிஸ்ட் பெரும்பாலும் கேட்பதிலிருந்து தொடங்குவார். ஊஞ்சலைப் பாதியில் நிறுத்துவார். பிள்ளை "ஊ" என்றாலும், கையைக் காட்டினாலும் உடனே ஆட்டிவிடுவார். அந்த ஆட்டம்தான் பரிசு. எத்தனை முறை உதவியோடு சொன்னான், எத்தனை முறை தானாகச் சொன்னான் என்று ஒவ்வொரு செஷனுக்கும் குறித்து வைப்பார். எங்களுக்கு அப்படி ஒரு தாளும் காட்டவில்லை.

உறுதி தருவதே பொய். இதே ஏபிஏ முறை பற்றி 1987இல் உளவியலாளர் லோவாஸ் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் வாரம் 40 மணி நேரம், இரண்டு வருடம், அதற்கு மேலும் பயிற்சி கொடுத்தார்கள். அப்படியும் 19 பிள்ளைகளில் 9 பேர்தான் சாதாரண முதல் வகுப்பை முடிக்கும் அளவுக்கு வந்தார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், ரசீதின் பின்பக்கம் திருப்பித் தர இயலாது என்று அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கிறோம்.

ஸ்பீச் தெரபிஸ்டும் சிறப்பு ஆசிரியரும் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிந்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். கண்ணாடி வழியாகக்கூடப் பார்க்க விடாத இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். பணம் கட்டும் முன் அரசு மருத்துவமனையில் இருக்கும் மாவட்ட ஆரம்பகாலத் தலையீட்டு மையத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே பரிசோதனையும் தெரபியும் இலவசம்.