நான்கு மாட்டுத் தொழுவத்தில் ஒற்றை வாளிக் கறவை இயந்திரம்

வீட்டு ஆட்களே பார்த்துக்கொள்ளும் எங்கள் பண்ணையில் நான்கு கறவை மாடுகள் உள்ளன. ஒரு கறவைக் காலத்துக்கு மேலாக அவற்றை ஒற்றை வாளிக் கறவை இயந்திரத்தால் கறந்துவருகிறோம். சக்கரம் வைத்த சட்டத்தில் மோட்டாரும் வெற்றிடப் பம்பும், 25 லிட்டர் கொள்ளும் எவர்சில்வர் வாளியும், வாளியின் மூடிமேல் துடிப்பை உண்டாக்கும் பல்சேட்டரும், காம்புகளில் மாட்டும் நான்கு கப்புகள் கொண்ட ஒரு கறவைத் தொகுதியும் சேர்ந்த வழக்கமான மாதிரிதான் இது. விற்பவர்கள் இதை நேரத்தை மிச்சப்படுத்தும் பொருளாகவே முன்வைக்கிறார்கள். எங்கள் வீட்டில் மிச்சமான நேரம் சொற்பம். மாறியது, வீட்டில் யார் யார் பால் கறக்கலாம் என்பதுதான்.

கையால் கறந்த காலத்தில் தொழுவம் என் மனைவி ஒருவரை நம்பியே இருந்தது. அப்பாவுக்கு விரல் மூட்டுகளில் வலி வந்த பிறகு காம்பைப் பிடித்து அழுத்த முடியவில்லை. நான் கறந்தால் இரண்டு மாடுகள் பாலை அடக்கிக்கொள்ளும். அவள் காய்ச்சலில் படுத்தாலோ, உறவினர் வீட்டில் ஒரு நாள் தங்க நேர்ந்தாலோ, வீடு முழுவதும் மாலைக் கறவையை நினைத்தே பதறிக்கொண்டிருக்கும். இயந்திரம் வந்து மாடுகள் அதற்குப் பழகிய பின், கப்பை மாட்டுவது யாராக இருந்தாலும் காம்பு உணரும் அழுத்தம் ஒன்றாகவே இருக்கிறது. இப்போது அப்பா காலைக் கறவையைத் தனியாகவே முடித்துவிடுகிறார், கல்லூரிக்குப் போகும் மகள் மாலையில் கைகொடுக்கிறாள். வாங்கிய பணத்துக்கு இது ஒன்றே ஈடு என்பேன்.

இயந்திரம் பாலை இழுத்து உறிஞ்சிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள், பாதிதான் உண்மை. கப்பின் உள்ளே இருக்கும் ரப்பர் உறையைப் பல்சேட்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 முறை விரித்து மூடுகிறது. விரியும்போது பால் வருகிறது, மூடும்போது காம்பு பிசையப்பட்டு அதில் இரத்தம் தேங்காமல் இருக்கிறது. இந்தத் துடிப்பு சீராக இல்லாவிட்டால் காம்பின் நுனி சிவந்து தடித்துப்போகும். வெற்றிட அளவை 40 முதல் 45 கிலோ பாஸ்கல் வரை வைப்பது இத்தகைய வாளி இயந்திரங்களில் பொதுவான வழக்கம். எங்கள் இயந்திரம் அந்த அளவில் நிலையாகவே நிற்கிறது, துடிப்பிலும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அளவைக் காட்டும் வட்டமான மானியைத் தயாரிப்பாளர் பம்பின் பின்பக்கத்தில் பொருத்தியிருக்கிறார். மாட்டின் அருகே குந்தியிருப்பவருக்கு முள் தெரியாது. ஒவ்வொரு முறையும் எழுந்து சுற்றிவந்து பார்க்க வேண்டும். வடிவமைத்தவர் ஒரு மாட்டின் பக்கத்திலாவது குந்திப் பார்த்திருப்பாரா என்ற ஐயம் எனக்கு உண்டு.

மாடு பாலை விடாதவரை எந்த இயந்திரமும் கறக்காது. மடியைத் துடைத்து, ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் பீய்ச்சல்கள் சிலவற்றை ஒரு கறுப்புக் கிண்ணத்தில் எடுத்துப் பார்த்து, அந்தத் தொடுகை தொடங்கியதிலிருந்து ஒன்றரை நிமிடத்துக்குள் கப்பை மாட்டினால்தான் பாலை இறக்கும் ஹார்மோனான ஆக்ஸிடோசின் சுரந்து பால் இறங்கும் வேளை கைக்குக் கிடைக்கும். அது சில நிமிடங்களே நீடிக்கும். மாடு மிரண்டால் அதுவும் தடைபடும். மோட்டாரின் இரைச்சலுக்குப் பழக்க, இயந்திரக் கறவை தொடங்குவதற்குச் சில நாள் முன்பிருந்தே தீவனம் வைக்கும் நேரத்தில் வெறுமனே அதை ஓடவிட்டோம். தலையீத்துப் பசு சுலபமாக ஏற்றுக்கொண்டது. கன்றை ஊட்டவிட்ட பிறகே பாலை இறக்கும் பழக்கமுள்ள மூத்த பசுதான் கடைசிவரை முரண்டுபிடித்தது. இன்றும் அதற்குக் கன்றைக் கண்ணெதிரே கட்டினால்தான் வேலை நடக்கிறது.

பொதுவாக ஒரு மாடு ஐந்து முதல் ஏழு நிமிடங்களில் கறந்து முடிகிறது. நான்கு கப்புகளின் பாலும் வந்து சேரும் கிண்ணம் தெளிவான பிளாஸ்டிக்கால் ஆனது என்பதால், பால் நூலாக மெலிந்து நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. இந்த மாதிரியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே. அந்த நொடியில் வெற்றிடத்தை மூடிவிட்டு, கப்புகள் தாமாகத் தளர்ந்த பின் கழற்ற வேண்டும். வெற்றிடம் இருக்கும்போதே பிடுங்கினால் காம்புக்கு வலிக்கும். பால் நின்ற பிறகும் ஓடவிட்டால் காம்பு நுனி கெட்டு மடிநோய்க்கு வழி திறக்கும். கறந்தவுடன் காம்புகளை அயோடின் மருந்தில் முக்குவதும், காம்புத் துளை மூடும்வரை மாடு படுத்துவிடாமல் அரைமணி நேரம் தீவனத்தின் முன் நிறுத்துவதும் கைக்கறவைக்கும் பொருந்தும் வேலைகள்தாம். ஆனால் கை உணர்ந்துகொள்ளும் மடியின் சூட்டையும் கல் போன்ற இறுக்கத்தையும் இயந்திரம் உணராது என்பதால், மாட்டுவதற்கு முன் மடியைத் தடவிப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது. திரிதிரியாகப் பால் வரும் காம்பு எங்கள் தொழுவத்தில் இயந்திரத்துக்குப் போவதில்லை; அந்த மாட்டைக் கடைசியாக, கையால் கறந்து, பாலைத் தனியே ஒதுக்கிவிடுகிறோம்.

இனிக் கழுவும் வேலை. விளம்பரங்களில் இதைப் பற்றி ஒரு வரியும் இராது. கறவை முடிந்த கையோடு, பால் காய்வதற்குள், வெதுவெதுப்பான நீரை முழுத் தொகுதியிலும் இழுக்கவிட வேண்டும். எடுத்த எடுப்பில் கொதிநீரை விட்டால் பாலின் புரதம் குழாயின் உட்புறத்தில் வெந்து ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த நீரானால் கொழுப்பு உறைந்து படியும். அதன் பிறகே சூடான நீரில் காரச் சோப்புக் கரைசல், மறுபடியும் நல்ல நீர், பின்பு குழாய்களைத் தொங்கவிட்டு உலர்த்துதல். வாரம் ஒருமுறை பால் உப்புப் படிவம் கரைய அமிலக் கரைசலும் விட வேண்டும். வாளியின் கழுத்துக்கும் மூடியின் ரப்பர் வளையத்துக்கும் இடையிலுள்ள இடுக்கில் தூரிகை போவதே இல்லை. வளையத்தைக் கழற்றினால், ஒரு நாள் அசட்டையாக விட்டிருந்தாலும், மஞ்சள் கலந்த வழுவழுப்பு விரலில் ஒட்டும். ஒவ்வொரு வேளையும் கழுவுவதற்கே இருபது நிமிடங்கள் ஆகின்றன. என் மனைவி முதல் வாரத்திலேயே சொன்னாள்: "இதைக் கழுவுற நேரத்துல நான் ரெண்டு மாட்டைக் கறந்து முடிச்சிருவேன்." கணக்குப்படி அவள் சொன்னது சரிதான். இரண்டு மாடு மட்டுமே வைத்திருப்பவர்களுக்கு, கறக்க வீட்டில் நல்ல கையும் இருக்குமானால், இந்த இயந்திரத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பம்பைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். இது எண்ணெய் சொட்டவிட்டு ஓடும் வகை என்பதால், வெளியேறும் காற்றோடு எண்ணெய்ப் புகையும் வருகிறது. உடன் கொடுத்த குழாய் குட்டையானது. நாங்கள் நீளமான குழாயை மாட்டிச் சுவருக்கு வெளியே விட்டிருக்கிறோம். வெற்றிடத்தைச் சீராக்கும் வால்வின் சிறு வடிகட்டியில் வைக்கோல் தூசு அடைத்துக்கொள்கிறது. அதைத் தட்டித் துடைக்கச் சொல்லும் வரி கையேட்டில் எங்கும் இல்லை. இயந்திரத்தைப் பூட்டும் படங்களே பக்கம் பக்கமாக இருக்கின்றன. மின்தடையைப் பொறுத்தவரை, மோட்டார் கிளம்பும்போது ஓடுவதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால், வீட்டு விளக்குக்கும் விசிறிக்கும் வைத்திருக்கும் இன்வெர்ட்டரை நம்ப வேண்டாம். வீட்டில் ஒருவருக்காவது கைக்கறவை மறக்காமல் இருப்பது நல்லது. இரட்டை வாளி மாதிரி வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: கறவையில் ஆறேழு மாடுகள் இல்லாமல் அதற்குத் தேவையே எழாது.

வாங்கும்போது மறக்கக் கூடாதது ரப்பர் உறை. இயற்கை ரப்பர் உறையை ஏறத்தாழ 2500 கறவைகளுக்கு ஒருமுறையோ ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ, எது முந்துகிறதோ அப்போது மாற்றுவது வழக்கம். நான்கு மாடு, இரு வேளை என்றால் நாளுக்கு எட்டுக் கறவை. ஆறு மாதத்தில் 1500-ஐக்கூடத் தொடாது. ஆகவே நம்மைப் போன்ற சிறு பண்ணைகளில் உறை தேய்வதற்கு முன் வயதாகித்தான் கெடும். மேலே பளபளப்பாக இருக்கும் உறையின் உள்ளே விரலை விட்டால் மெல்லிய வெடிப்புகள் தட்டுப்படும். அங்கேதான் கிருமி குடியேறும். எங்களுக்கு விற்றவரிடம் மாற்று உறை கேட்டபோது வேறு அளவை அனுப்பிவிட்டார், சரியானது வந்து சேரும்வரை பழையதையே ஓட்ட வேண்டியிருந்தது. இயந்திரத்தோடேயே இரண்டு தொகுதி உறைகளையும், மூடியின் ரப்பர் வளையம் ஒன்றையும் கூடுதலாக வாங்கி, அவற்றை வெயில் படாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உறையின் மேல் பொறித்திருக்கும் மாதிரி எண்ணையும் பில்லின் பின்புறம் எழுதிவையுங்கள்.