பூல் மேஜை அறைக்குக் கார்ப்பெட் டைல்: மூன்றாவது தரையில் கிடைத்த நிம்மதி

பூல் என்பது கியூ என்கிற கோலால் பந்துகளை அடித்து மேஜை ஓரத்துப் பாக்கெட்டுகளில் விழவைக்கும் பில்லியர்ட்ஸ் வகை ஆட்டம். எங்கள் வீட்டுப் பூல் பந்துகளில் 6-ஆம் எண் பச்சைப் பந்தில் பிறை வடிவில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. விரலால் தடவினால் நகம் சிக்கும். ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடியான பிரேக் அடித்தபோது மேஜையைவிட்டுத் துள்ளி டைல் தரையில் விழுந்த பந்து அது. 57 மில்லிமீட்டர் விட்டம், 160 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலான எடை, அவ்வளவுதான். ஆனால் இடுப்பளவு உயரத்திலிருந்து விழுந்தாலே போதும், பந்தும் போகிறது, டைலும் போகிறது. விழுந்த இடத்தில் டைலின் மேற்பூச்சு உடைந்து ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது.

அந்த அறைக்கு இதுவரை மூன்று தரைகள் போட்டுப் பார்த்துவிட்டேன். முதலில் வீடு கட்டும்போதே போட்ட விட்ரிஃபைட் டைல், அதன்மேல் லேமினேட் என்கிற மரத்தோற்றப் பலகை, இப்போது சதுரத் துண்டுகளாக வரும் கம்பளமான கார்ப்பெட் டைல். கார்ப்பெட் டைல் போட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. மற்ற இரண்டும் ஏன் சரிப்படவில்லை என்று சொன்னால்தான் இது ஏன் சரிப்பட்டது என்பது புரியும்.

எங்களுடையது 8 அடி மேஜை. விளையாடும் பரப்பு 88-க்கு 44 அங்குலம். துணிக்கு அடியில் ஓர் அங்குலக் கனத்தில் மூன்று ஸ்லேட் கல் பலகைகள். ஸ்லேட் மட்டுமே 200 கிலோவுக்கு மேல் வரும். மரச்சட்டம், கால், ரெயில் (பந்து மோதித் திரும்பும் ஓரத் தடுப்பு) எல்லாம் சேர்த்தால் 380 கிலோ பக்கம். நான்கு கால்களுக்குப் பகிர்ந்தால் ஒரு காலுக்கு 95 கிலோ. காலின் அடியில் இருக்கும் மட்டம் சரிசெய்யும் குமிழ் 5 சென்டிமீட்டர் வட்டம்தான். அப்படியானால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஐந்து கிலோ அளவுக்கு அழுத்தம். அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருடக்கணக்கில் அதே இடத்தில். தரை வாங்கும்போது நான் செய்யத் தவறிய கணக்கு இது. சோபாவையும் கட்டிலையும் மனதில் வைத்துத் தரை தேர்ந்தெடுத்தேன்.

டைல் இருந்த முதல் ஒன்பது மாதத்தில் மேஜை அசையவே இல்லை. பூட்ட வந்த ஃபிட்டர் பெரிய அனுபவசாலி. மேஜையை இறக்குவதற்கு முன்பே, கால் வரப்போகும் நான்கு இடத்திலும் ஒரு நாணயத்தால் தட்டிப் பார்த்தார். மூன்று இடத்தில் ‘டக் டக்’ என்று கெட்டியான சத்தம். ஜன்னல் பக்கம் ஒன்றில் மட்டும் ‘டொக்’ என்று கேட்டது. அடியில் சாந்து முழுதாகப் பிடிக்காத டைல். அதைப் பெயர்த்து, அடியில் இடைவெளி விடாமல் பதித்து, காய்ந்த பிறகுதான் மேஜையைப் பூட்டினார். டைல் தரையில் மேஜை வைக்கப் போகிறவர்கள் இந்த ஒரு சோதனையைத் தயவுசெய்து விடாதீர்கள். வெற்றிடத்தின் மேல் கால் நின்றால் டைல் ஒருநாள் விரியும். அதற்குள் மேஜை அதன்மேல் இருக்கும். ஸ்லேட்டைப் பிரிக்காமல் அந்த டைலை மாற்ற முடியாது.

ஆக மேஜைக்கு டைல் அருமையான தரை. ஆடுகிறவர்களுக்குத்தான் இல்லை. பூல் உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம் இல்லையே. ஒரு மணி நேரம் ஆடினால் அந்த ஒரு மணி நேரமும் நிற்கிறோம், சுற்றி நடக்கிறோம், ஒரு காலில் எடை போட்டுக் குனிகிறோம். என் அண்ணனுக்குக் குதிகால் வலி உண்டு. மூன்றாவது ஆட்டத்தோடு கியூவைச் சுவரோரம் வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். அப்புறம் சத்தம். பந்தோடு பந்து மோதும் ஒலி சுவரிலும் தரையிலும் பட்டுப் பக்கத்து அறைவரை போகும். இன்னொன்றை ஆடும்போதுதான் கவனித்தேன்: மேஜைக்கு மேலே தொங்கும் விளக்கு பளபளப்பான டைலில் பிரதிபலிக்கும். பாக்கெட்டைக் குறிபார்க்கக் குனிந்தால், ரெயிலுக்கு அப்பால் தரையில் இன்னொரு விளக்கு எரிகிற மாதிரி கண்ணைப் பறிக்கும்.

இடையில் மேஜையைச் சுற்றி மட்டும் ஃபோம் பாய் போட்டுப் பார்த்தோம், துண்டு துண்டாகக் கோத்துக்கொள்கிற ரகம். 12 மில்லிமீட்டர் கனம். பாதத்துக்கு மெத்தென்று இருந்தது உண்மை. ஆனால் குறிபார்த்துக் குனியும்போது கால் ஊன்றாமல் லேசாக ஆடும். ஒரு கால் பாயிலும் ஒரு கால் டைலிலும் நின்றால் உடம்பே சாயும். ஒரு மாதத்தில் ஓரங்கள் சுருண்டு தடுக்க ஆரம்பித்தன. எடுத்துவிட்டோம்.

அதன் பிறகு செய்ததுதான் தவறு. டைலுக்கு மேலேயே 3 மில்லிமீட்டர் ஃபோம் ஷீட் விரித்து 8 மில்லிமீட்டர் லேமினேட் பலகை போட்டோம். மேஜையைப் பிரித்து, தரை போட்டு, மறுபடியும் பூட்டினோம். பார்க்க அழகாக இருந்தது. மூன்றாவது வாரத்தில் என் மகள்தான் முதலில் சொன்னாள்: “அப்பா, மெதுவா அடிச்சா பந்து எப்பவும் இடது பக்கமே போகுதுப்பா.” ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். குமிழி நடுவைவிட்டு நகர்ந்திருந்தது.

பூல் மேஜையின் மட்டத்துக்குச் சர்வதேசப் போட்டி விதிகள் சொல்லும் அளவு நீளவாக்கில் 0.020 அங்குலம், அகலவாக்கில் 0.010 அங்குலம். அதாவது அரை மில்லிமீட்டர், கால் மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் ஃபோம் ஷீட் ஒரு காலுக்கடியில் மட்டும் கொஞ்சம் கூடுதலாக அமுங்கினாலே அந்தக் கணக்கு போய்விடும். வேகமாக அடித்தால் தெரியாது. மெதுவாக உருண்டு நிற்கப்போகிற கடைசி ஓர் அடியில்தான் பந்து வளையும். ஆட்டத்தின் நுணுக்கமெல்லாம் அந்த ஓர் அடியில்தானே இருக்கிறது.

ஃபிட்டரை மறுபடி கூப்பிட்டேன். அவர் மேஜையைத் தொடவில்லை. காலுக்குப் பக்கத்தில் நின்று குதிகாலால் தரையை ஒரு அழுத்து அழுத்தினார். ரசமட்டத்தில் குமிழி நகர்ந்தது. “சார், மேஜை தரையில நிக்கல, பஞ்சுமேல நிக்குது” என்றார். ஆப்பு வைத்து மட்டம் செய்து கொடுத்தார், “ரெண்டு மாசம் தாங்கும் சார்” என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஆறு வாரம் தாங்கியது.

லேமினேட்டுக்கு இன்னொரு சிக்கல். அது தரையோடு ஒட்டாமல் மிதக்கிற தரை. ஈரப்பதத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும்; அதற்காகத்தான் சுவரோரம் எட்டுப் பத்து மில்லிமீட்டர் இடைவெளி விடுகிறார்கள். நடுவில் 380 கிலோவை வைத்து ஆணி அடித்த மாதிரி பிடித்துவிட்டால் அது எப்படி நகரும்? காற்று வறண்ட மாதங்களில் வாசல் பக்கம் இரண்டு பலகைகளுக்கு நடுவே 2 மில்லிமீட்டர் விரிசல் விட்டது. அதில் கியூவின் நுனியில் தடவும் நீலச் சாக்பொடி போய் அடைந்துகொண்டது. பலகையை விற்ற கடையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எந்த அறைக்கு என்று நான் தெளிவாகச் சொல்லித்தான் வாங்கினேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. கிளிக் முறையில் பூட்டும் வினைலும் (பிளாஸ்டிக் தரைப்பலகை) இதே வகைதான். தரையோடு பசை போட்டு ஒட்டும் வினைல் வேறு, அது நகராது.

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. மேஜைக்கு வேண்டிய தரையும் ஆடுகிறவர்களுக்கு வேண்டிய தரையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மேஜை அடியில் இருக்கும் கெட்டித் தரையில் நேராக நிற்கட்டும். மேலே விரிப்பது நம் கால்களுக்காக, பந்துக்காக, சத்தத்துக்காக.

லேமினேட்டைப் பிரித்தெடுத்து, டைல் இடுக்குகளைச் சமன் செய்யும் கலவையால் நிரவி, அதன்மேல் 50-க்கு 50 சென்டிமீட்டர் கார்ப்பெட் டைல் ஒட்டினோம். அலுவலகங்களில் போடும் அதே சரக்குதான்: குட்டையான சுருள் இழை, கெட்டியான அடிப்பக்கம், மொத்தக் கனம் 6 மில்லிமீட்டர் சொச்சம். அடியில் மெத்தை ஷீட் கிடையாது, போடவும் கூடாது. மேஜை கால் வரும் நான்கு இடத்தில் மட்டும் காலைவிட ஒரு விரல்கடை பெரிதாகச் சதுரம் வெட்டி எடுத்தோம். கால்கள் பழைய டைலில் நேராக நிற்கின்றன. இதனால் மேஜை தரைமட்டத்தைவிட 6 மில்லிமீட்டர் தாழ்ந்தது, பொருட்படுத்த வேண்டியதில்லை. மேற்பரப்பு தரையிலிருந்து 29¼ முதல் 31 அங்குலத்துக்குள் இருந்தால் சரி. ஆனால் 20 மில்லிமீட்டர் மரத்தரை போடுகிறவர்கள் இதே வழியைப் பின்பற்றினால் காலுக்கடியில் அழுந்தாத கெட்டித் தகடு வைத்து அந்த உயரத்தை ஈடுகட்ட வேண்டும்.

வெட்டுவதற்கு முன் மேஜையின் இடம் முடிவாகிவிட வேண்டும். கியூவின் நீளம் 58 அங்குலம்; மேஜையின் விளையாடும் பரப்புக்கு நான்கு பக்கமும் அந்த அளவு சேர்த்தால் 17 அடிக்கு 13 அடி 4 அங்குலம் வருகிறது. எங்கள் அறை 18-க்கு 14. நகர்த்த அதிகம் இடம் இல்லாததால் முடிவு செய்வது சுலபமாக இருந்தது. விளக்கின் நேர்க்கீழே நடுப்புள்ளி எடுத்து, அட்டையில் மேஜையின் அளவை வெட்டித் தரையில் போட்டு, நாலு பக்கமும் கியூவோடு குனிந்து பார்த்த பிறகு குறித்தோம்.

அறைக்கு 94 டைல் கணக்கு. வெட்டுச் சேதாரம் சேர்த்து, பெட்டிக்கு 20 வீதம் ஆறு பெட்டி வாங்கினேன். வந்த ஆறில் இரண்டு பெட்டி வேறு தயாரிப்புத் தொகுதி. பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு சாயல் வித்தியாசம். திருப்பி அனுப்பி மாற்றினேன். பெட்டியின் மேல் தொகுதி எண் அச்சிட்டிருக்கும், ஒட்டுவதற்கு முன் எல்லாப் பெட்டியிலும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒவ்வொரு டைலின் பின்னாலும் ஓர் அம்புக்குறி உண்டு. அடுத்தடுத்த டைலைக் கால் வட்டம் திருப்பித் திருப்பி ஒட்டினோம். இழையின் ஓட்டம் மாறி மாறி வருவதால், பிற்பாடு ஒன்றை மாற்றினாலும் தனித்துத் தெரியாது. பசை, எப்போது வேண்டுமானாலும் பிரித்தெடுக்கக்கூடிய ரகம். பூசியதும் ஒட்டக்கூடாது, ஈரம் போய், தொட்டால் விரலில் ஒட்டாமல் பிசுபிசுக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

சரி, பலன் என்ன? மேஜை பூட்டிய அன்று குமிழி நின்ற இடத்திலேயே இன்றும் நிற்கிறது. மாதம் ஒருமுறை நடுக்கோட்டில் ஒரு பந்தை மெதுவாகத் தள்ளிவிட்டுப் பார்க்கிறேன். எதிர் ரெயிலைத் தொட்டு அதே கோட்டில் திரும்பி வருகிறது. பந்து விழுந்தால் ‘தொப்’ என்று விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. இதுவரை ஐந்தாறு முறை விழுந்திருக்கும், ஒரு கீறல் இல்லை. சத்தம் பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கிறது. அண்ணன் இப்போது வெறுங்காலோடு இரண்டு மணி நேரம் ஆடுகிறார்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. பிரேக் அடிக்க நிற்கும் இடத்தில் பத்து மாதத்திலேயே இழை படிந்து இரண்டு பாத அளவுக்கு மங்கியது. மீதமிருந்த புது டைலை வைத்தால் ஒட்டுப்போட்ட மாதிரி தெரிந்தது. பிறகு மேஜைக்கடியில் தவழ்ந்து போய் அங்கிருந்த ஒன்றை எடுத்து வைத்தேன். அதே அறையில் அதே காலம் கிடந்த டைல், ஆனால் யாரும் மிதிக்காதது, அச்சாகப் பொருந்தியது. மேஜைக்கடியில் அப்படிப் பத்துப் பன்னிரண்டு முழு டைல்கள் காத்திருக்கின்றன. மங்கிய டைல் அதன் இடத்துக்குப் போய்விட்டது.

குறைகளும் உண்டு. முதல் இரண்டு வாரம் இழை உதிர்ந்து மேஜைத் துணிமேல் ஏறியது. கால் சதுரங்களின் வெட்டு ஓரம் பிரிந்துவர, ஓரத்தில் பசை தடவி நிறுத்தினேன். உயரமான ஸ்டூலின் கால்கள் குழி விடுகின்றன. சாக்பொடியைத் தண்ணீர் தொட்டுத் துடைக்கவே கூடாது. ஒருமுறை ஈரத்துணியால் தேய்த்ததில் நீலம் இழைக்குள் இறங்கிவிட்டது, அந்த டைலும் இப்போது மேஜைக்கடியில்தான் இருக்கிறது. வாரம் ஒருமுறை வேக்குவம் கிளீனர் போட்டால் போதும். வெளிர் நிறம் வேண்டாம். நீலமும் சாம்பலும் புள்ளி புள்ளியாகக் கலந்த நிறம் எடுத்தோம், சாக்பொடி விழுந்தது தெரிவதே இல்லை.

நேரடியாகக் கான்கிரீட்மேல் ஒட்டப் போகிறவர்கள், முதலில் ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ கான்கிரீட் கறுத்திருந்தாலோ கார்ப்பெட் வேண்டாம். அங்கே டைலோ எப்பாக்ஸி பூச்சோதான் நல்லது. ஒட்டும் வினைல் போடுகிறவர்கள் மேஜைக் காலுக்கடியில் ரப்பர் கிண்ணம் வைக்காதீர்கள். நண்பர் வீட்டில் வைத்து, ரப்பர் பட்ட இடமெல்லாம் பழுப்பு வளையம் விழுந்துவிட்டது. கறை மேலே இல்லை, வினைலுக்குள் இறங்கியிருக்கிறது. எதைப் போட்டுத் துடைத்தும் போகவில்லை.

எங்கள் அறையில் இன்னும் ஒரு வேலை பாக்கி. வாசலில் கார்ப்பெட் முடியும் ஓரம் செருப்பு உரசி நூல் பிரிய ஆரம்பித்திருக்கிறது. அதற்கு அலுமினியப் பட்டி ஒன்று அளவெடுத்துச் சொல்லியிருக்கிறேன்.