ஹோலுக்கு லமினேட் போடுமுன் இதை வாசியுங்கள்: உப்புவெளியில் எங்களுக்கு நடந்தது

திருகோணமலைப் பக்கம் யாராவது வீட்டு நிலத்துக்கு லமினேட் பலகை போட அட்வான்ஸ் கொடுக்கும் யோசனையில் இருந்தால், ஒரு நாள் பொறுத்து இதை வாசியுங்கள். நாங்கள் 128,520 ரூபா கொடுத்துப் போட்ட நிலம் மூன்று மாதம்கூட நிற்கவில்லை. இப்போது பின்வளவில் அடுக்கிக் கிடக்கிறது.

எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட, மணல் தரை. அப்பா 1974இல் கட்டியது, ஹோலுக்குச் சிவப்புச் சீமெந்து. மாரியில் கிணற்றுத் தண்ணீர் மேலே ஏறிவிடும், அந்த நாட்களில் நிலமும் சேர்ந்து கசியும். அம்மாவுக்கு 79 வயது, முழங்காலில் வாதம். கார்த்திகை, மார்கழியில் விடிய எழும்பி ஹோலில் கால் வைத்ததும் "ஐஸ் மாதிரிக் கிடக்கு பிள்ளை" என்பார். அதற்காகத்தான் இந்த வேலையைத் தொடங்கினேன், அழகுக்காக அல்ல.

போன வருடம் ஓகஸ்டில் லண்டனிலிருந்து தங்கச்சி வந்திருந்தாள். தங்கள் வீட்டு ஹோலுக்குச் செய்த வேலையைப் போனில் படம் படமாகக் காட்டினாள். அவர்களுடையது பழைய வீடு, நிலம் மரப்பலகை. பலகையைத் தாங்கும் மரச்சட்டங்களுக்குக் கீழே வெறும் காற்றிடம். வெளிச்சுவரில் உள்ள துவாரங்களால் குளிர்காற்று உள்ளே வந்து, பலகை இடுக்குகளால் மேலே அடிக்குமாம். பலகையைக் கழற்றி, சட்டங்களுக்கு இடையில் பஞ்சு போன்ற வெப்பக்காப்பை வைத்து, அது கீழே விழாமல் வலை கட்டி, இடுக்குகளை அடைத்து, மெல்லிய ஷீட் விரித்து அதன்மேல் லமினேட் போட்டிருக்கிறார்கள். சுவர்த் துவாரங்களை மட்டும் அடைக்கவில்லை. அடைத்தால் கீழே ஈரம் தேங்கி மரம் உக்கிவிடும். ஈரத்தை மரத்துக்குள் சிறைப்பிடிக்கக் கூடாது என்பதால் பொலித்தீனும் விரிக்கவில்லை. அந்த வீட்டுக்கு அது சரி. எங்கள் சீமெந்து நிலத்துக்குக் கீழே காற்றிடம் இல்லை, மண்ணின் ஈரம் நேரே மேலே ஏறும்.

இங்கே வேலை எடுத்தவருக்கும் அதே படங்களைக் காட்டினேன். நான் விட்ட பிழை அது. நல்ல மரியாதையான பிள்ளை, அம்மாவைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பினார். "அக்கா, யோசிக்காதீங்கோ, இதே மாதிரி செய்து தாறன். கீழ ஒரு ஷீட் வரும், குளிரும் ஏறாது, ஈரமும் ஏறாது" என்றார். ஹோல் 14க்கு 18, அதாவது 252 சதுர அடி. பலகைக்குச் சதுர அடிக்கு 450, "ஈரத்தடை ஷீட்டும் ஃபோமும்" என்று இன்னொரு 60. கடை அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் இவ்வளவும் எழுதித் தந்தார்.

செப்டெம்பர் 14, நான் பாடசாலையில். காலை வந்த இரண்டு பேர் பின்னேரத்துக்குள் முடித்துவிட்டார்கள். பலகைப் பெட்டிகளும் அன்று காலைதான் வந்து இறங்கின. அறையிலேயே 48 மணி நேரம் வைத்த பிறகுதான் பூட்ட வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்தபோது நிலம் மினுங்கியது. அம்மா வெறுங்காலோடு நடந்து பார்த்துச் சிரித்தார். மிச்சக் காசையும் அன்றே கொடுத்துவிட்டேன்.

நவம்பரில் மழை பிடித்தது. முதலில் பலகைப் பொருத்துகள் ஊதின. பிறகு நடு ஹோல் கூடாரம் மாதிரித் தூக்கியது. 28ஆம் திகதி அம்மா அதில் தடுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, கடவுள் புண்ணியம். ஆனால் அன்றிலிருந்து சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார்.

வேலை எடுத்தவருக்குப் போன் எடுத்தேன். "தண்ணி ஊத்திக் கழுவியிருப்பீங்கள் அக்கா" என்றார். ஈரத்துணியால் துடைத்ததைத் தவிர நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பியோடு சேர்ந்து ஓரப் பலகை ஒன்றைக் கிளப்பினோம். கீழே வெள்ளை ஃபோம் மட்டும்தான், அதுவும் நனைந்து, பலகையின் அடியில் கறுப்பாகப் பூஞ்சணம். பொலித்தீன் ஒரு துண்டுகூட இல்லை. படம் எடுத்து அனுப்பினேன். "லண்டனிலயும் பொலித்தீன் போடுறதில்லைத்தானே, நீங்கள்தான் படம் காட்டினீங்கள்" என்று பதில் வந்தது. அப்படியானால் ஈரத்தடை என்று எழுதி எதற்குக் காசு வாங்கினீர்கள் தம்பி? அதற்குப் பிறகு போன் எடுப்பதே இல்லை.

அந்த மெல்லிய ஃபோம் மேடுபள்ளத்தைக் கொஞ்சம் தாங்கும், நடக்கும் சத்தத்தைக் குறைக்கும், காலுக்குக் குளிரையும் சற்றுத் தடுக்கும். ஆனால் கீழிருந்து ஏறும் ஈரத்தை அது மறிக்காது. லமினேட்டின் உடம்பே அழுத்திய மரநார், ஈரம் குடித்தால் ஊதத்தான் செய்யும், காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. சீமெந்து நிலமென்றால் முதலில் 0.2 மில்லிமீற்றர் தடிப்புள்ள பொலித்தீன், துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று 20 சென்ரிமீற்றர் ஏறி, டேப் ஒட்டி, ஓரம் சுவரில் கொஞ்சம் மேலே வரவேண்டும். அதன்மேல்தான் ஃபோம். சுவரோரம் சுற்றிவர 10 மில்லிமீற்றர் இடைவெளியும் வேண்டும், பலகை விரிய இடம் வேண்டுமே. எங்கள் வீட்டில் பலகை சுவரில் முட்டிக்கொண்டு நின்றது, நடுவில் தூக்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று. ஒரு மீற்றர் சதுரப் பொலித்தீனை நிலத்தில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் கழித்துத் தூக்கிப் பாருங்கள். அடியில் நீர்த்துளி நின்றாலோ நிலம் கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது. இதைக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் செய்து ஏமாற வேண்டாம், அப்போது எந்த நிலமும் காய்ந்துதான் இருக்கும். மாரியில் பாருங்கள். பொலித்தீன் விரிக்கும்போது வீட்டில் ஒருவர் நின்று படம் எடுங்கள், மிச்சக் காசை அதற்குப் பிறகு கொடுங்கள்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம் என்று சக ஆசிரியை ஒருவர் சொன்னார், தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருள் வாங்கிய அல்லது சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். பலகையைக் கிளப்பிய அன்று எனக்கு 16 நாள்தான் மிச்சம் இருந்தது. நாங்கள் கேட்டால் ரசீது தரவேண்டியது வியாபாரியின் கடமை என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. நான் கேட்கவே இல்லை. கையில் இருந்தது அந்தக் கடை அட்டையும் வட்ஸ்அப் செய்திகளும்தான். அவற்றைப் பிரதி எடுத்து, டிசம்பர் 6ஆம் திகதி பதிவுத் தபாலில் அனுப்பினேன். விசாரணை இன்னும் முடியவில்லை, அதனால் பெயர் எழுதவில்லை.

சிவப்புச் சீமெந்தைத் திரும்பக் கழுவி எடுத்துவிட்டோம். அம்மாவின் அறை வாசலிலிருந்து கதிரை வரைக்கும் பன்பாய் விரித்திருக்கிறேன், காலுக்கு ரப்பர் செருப்பு. யாருக்காவது கிளப்பிய பலகையின் படங்கள் தேவையென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.