5 அங்குலத் திரையும் அம்மாவின் மாத்திரைப் பெட்டியும்

விழித்திரையின் மையப்பகுதி சிதைந்து பார்வை மங்கிய என் தாயாருக்காக மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் வாங்கிய கையடக்க மின்னணு உருப்பெருக்கி, அவர் வேண்டிய வேலையைச் சுமாராகவும், நாங்கள் எதிர்பாராத வேலையை மிக நன்றாகவும் செய்கிறது. அவர் வேண்டியது கோயில் பாடல் புத்தகத்தை முன்போலப் படிப்பது. கிடைத்ததோ, மாத்திரைப் பெட்டியையும் மின்கட்டணச் சீட்டையும் பிறரைக் கேளாமல் தாமே பார்த்துக்கொள்ளும் நிம்மதி.

5 அங்குலத் திரை, அதன் பின்புறம் ஒரு கேமரா, 2 முதல் 20 மடங்கு வரை பெரிதாக்கும் பொத்தான்கள், இவ்வளவுதான் கருவி. பூதக்கண்ணாடி போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 5 மடங்கு பெரிதாக்கும் 20 டயாப்டர் (ஆடியின் திறனைக் குறிக்கும் அலகு) கண்ணாடியைத் தாளிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டரில் அசையாமல் பிடிக்க வேண்டும். கை நடுங்கும் வயதில் அது பெரும்பாடு. அதைவிட முக்கியம், கண்ணாடி எழுத்தைப் பெரிதாக்குமே தவிர, மங்கலான அச்சைக் கருமையாக்காது. இக்கருவியோ சாம்பல் நிற எழுத்தையும் கறுப்புப் பின்னணியில் மஞ்சளாக மாற்றித் தருகிறது. மேல்தட்டிலுள்ள டப்பாவுக்கு நேரே நீட்டி, படத்தை நிறுத்தி, கண்ணருகே கொண்டுவந்து படிக்கவும் முடிகிறது. எங்கள் மொரீஷியஸ் நூறு ரூபாய் நோட்டில் தமிழ்த் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசனின் முகத்தையும் தமிழில் அச்சிட்ட தொகையையும் அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காகவே கொடுத்த காசு தகும் என்பேன்.

பாடல் புத்தகத்தில்தான் சிக்கல். மெய்யெழுத்தின் புள்ளி அவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் நன்றாகப் பெரிதாக்க வேண்டும். அப்போது திரையில் சில எழுத்துகளே அடங்குகின்றன. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அதிலும் சந்தி பிரிக்காத பழம்பாடல்கள் என்றால் சொல்லின் கடைசிக்கு வருவதற்குள் முதல் பாதி மறந்துபோகிறது. மருந்துப் பெட்டியின் பிரெஞ்சுச் சொற்களில் இந்த அலைச்சல் இல்லை.

பார்வை குன்றிய முதியோரிடம் மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம் என்று மருத்துவர்கள் சொல்வதன் பொருளை வீட்டில்தான் உணர்ந்தேன். இந்த விழித்திரை நோயில் பக்கவாட்டுப் பார்வை எஞ்சியிருப்பதால் அம்மா தடுமாறாமல் நடப்பார், ஆனால் எதிரே வருபவரின் முகம் தெரியாது. கண்டும் காணாததுபோல் போகிறார் என்று உறவினர் குறைபட்டதால் வெளியே போவதையே குறைத்துக்கொண்டார். அந்தக் காயத்துக்கு இக்கருவி மருந்தல்ல. இருந்தும், ஒவ்வொரு சீட்டையும் நீட்டி "இது என்ன, பாரம்மா" என்று மருமகளிடம் கேட்கும் கூச்சம் போனபின் அவர் பேச்சில் பழைய அதிகாரம் திரும்பியிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட 50 முன்னுரிமை உதவிச் சாதனங்களின் பட்டியலில் இவ்வகைக் கருவியும் உண்டு. ஆயினும் படிக்கும் வரி மாறாமல் கருவியை நகர்த்தப் பொறுமையாகப் பழக்கிவிட ஆள் இல்லையென்றால் அது அலமாரிக்குள் போய்விடும். வாங்குவோர் தம் வீட்டு மருந்துப் பெட்டியையும் தாம் படிக்கும் புத்தகத்தையும் கடைக்கே எடுத்துச்சென்று சோதிப்பது நல்லது. குறை ஒன்று: பேட்டரி தீர்வதைக் காட்டும் விளக்கு, நல்ல பார்வை உள்ள எனக்கே தேடித்தான் தெரிகிறது.